மாயக் கதையும் மெய்ப் பெயரும்

மந்திரவாதிக் கதைகளைப் புகழ்ந்து இப்பகுதியில் எழுதப் புகுந்தேன் என்றவுடன், "இவருக்கு என்ன நேர்ந்தது?" என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வி முதலில் என் வீட்டிலேயே எழுந்துவிட்டது. சென்ற பள்ளி விடுமுறையில், பதின்மூன்று வயதுடைய என் பேர்த்தியின் கையில் பழைய ஆங்கில நாவலொன்றைக் கொடுத்தேன். அதன் தலைப்பைப் பார்த்த என் மகன், "அப்பா, பேயோட்டியையும் தாயத்துக்காரனையும் வாசற்படி ஏறவிடாமல் எங்களை வளர்த்த நீங்களே மந்திரவாதிக் கதையைப் பிள்ளை கையில் கொடுக்கிறீர்களே!" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆயினும் அச்சொல்லில் ஒரு குத்தல் இருந்தது, நியாயமும் இருந்தது. அன்று நான் விடை கூறவில்லை. இக்கட்டுரையே என் விடை என்று அவன் வைத்துக்கொள்ளலாம்.

அந்த நியாயம் இன்னதென்று முதலிற் கூறிவிடுகிறேன். நாங்கள் பேரா மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் குடியிருந்தோம். தகப்பனாரும் தாயாரும் பால்மரம் சீவுகிறவர்கள். 1964ஆம் ஆண்டில், நான்கு வயதுடைய என் தங்கைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவன் அழைத்துவரப்பட்டான். மூன்று வெள்ளியும் ஒரு கோழியும் பெற்றுக்கொண்டு, அவள் கையில் கறுப்புக் கயிறு கட்டி, நெற்றியில் சாம்பலைப் பூசி, "மூன்று நாளில் இறங்கிவிடும், ஊசி போட்டால் மந்திரம் கலைந்துபோகும்" என்று சொல்லிப் போனான். அவன் சொற்படியே நாங்கள் ஊசி போடவில்லை. மூன்றாம் நாள் இரவு அவள் உடம்பு குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மந்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே என் தாயார் காதைப் பொத்திக்கொள்வார்.

இத்தகைய வீட்டில் வளர்ந்தவன் எட்டாண்டுகள் கழித்து ஒரு மந்திரவாதியின் கதையில் மனத்தைப் பறிகொடுத்தான் என்றால் அது விந்தையன்றோ?

1972ஆம் ஆண்டில் எனக்குப் பதினைந்து வயது. பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையத்தருகே ராவுத்தர் ஒருவர் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். அவரிடம் ஐம்பது காசு கொடுத்து, முன்னட்டை கிழிந்துபோன சிறு நூலொன்றை வாங்கினேன். கப்பற்பயணக் கதை என்று எண்ணியே வாங்கினேன். முதற்பக்கத்தை அடுத்துத் தீவுகளின் படம் ஒன்று இருந்தது. தோட்டத்து மின்சாரம் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, நான்கு இரவுகளில் அதை வாசித்து முடித்தேன். முடித்த இரவே முதற்பக்கத்துக்குத் திரும்பினேன்.

அந்நூல், அமெரிக்க எழுத்தாளரான அர்சுலா லெ குவின் அம்மையார் 1968இல் வெளியிட்ட 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்பதாகும். நூற்றுக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கும் கடலுலகம் ஒன்றை அவர் கற்பித்து, அதற்கு எர்த்ஸீ என்று பெயரிட்டார். பெரியவர்களுக்கு எழுதிக்கொண்டிருந்த அவரை, பதின்வயதினருக்கு ஒரு கதை எழுதித் தருமாறு பதிப்பாளர் ஒருவர் கேட்டுக்கொண்டாராம். மந்திரவாதி என்றால் எல்லாக் கதைகளிலும் வெண்தாடிக் கிழவராகவே வருகிறாரே, அவர் சிறுவனாயிருந்தபோது எப்படி இருந்திருப்பார், எங்கே கற்றிருப்பார் என்று அம்மையார் எண்ணிப் பார்த்தார். அந்த எண்ணத்திற் பிறந்ததே இந்நாவல். மந்திரம் பயிலும் பள்ளிக்கூடம் என்றவுடன் இன்றைய பிள்ளைகளுக்கு 1997இல் வெளிவந்த ஹாரி பாட்டர்தான் நினைவுக்கு வரும். அதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் முன்னரே ரோக் என்னும் தீவில் அப்பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டவர் லெ குவின்.

கதை பெரியதன்று. கோன்ட் என்னும் மலைத்தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன்; தாயற்றவன்; தகப்பன் கொல்லன். அவனுக்கு மந்திர வல்லமை இயல்பாகவே அமைந்திருக்கிறது; அதனினும் பெரிதாகச் செருக்கு அமைந்திருக்கிறது. ரோக் தீவின் பள்ளியில், தன்னை ஏளனம் செய்த செல்வர் வீட்டு மாணவன் ஒருவனுக்குத் தன் திறமையைக் காட்டவேண்டுமென்று, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். உலகத்தின் சுவரில் ஒரு கிழிசல் விழுகிறது. அதன் வழியே வடிவமற்ற நிழலொன்று புகுந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. கிழிசலை அடைத்த முதிய தலைவர் அம்முயற்சியில் உயிர் துறக்கிறார். அந்நிழல் தீவு தீவாக அவனைத் துரத்துகிறது. பிறகு ஒரு நாள் அவன் திரும்பி நின்று அதைத் துரத்துகிறான். முடிவை நான் சொல்லமாட்டேன்.

என் மகனுக்கு நான் சொல்லவேண்டியது இதுதான். தாயத்துக்காரன் தன் பொய்யை மெய்யென்று நம்பச் சொல்லிக் கோழி கேட்டான். கதைக்காரரோ, "இது நான் கட்டிய உலகம், வந்து பார்" என்கிறார். நம்பு என்று ஒருபோதும் கேட்பதில்லை. அன்றியும், எர்த்ஸீயின் மந்திரம் நினைத்ததை எல்லாம் தரும் மந்திரமன்று. அங்கே மாயத்தாற் படைத்த சோறு பசியாற்றாது. ஓரிடத்து மழையை விரட்டினால் மற்றோரிடத்தில் வெள்ளம் பெருகும். சிறுவனின் முதல் ஆசான் ஓகியன் என்பவர் நிலநடுக்கத்தையே அடக்கியவர் என்று பெயர் பெற்றவர். அவரோ மழை பெய்யும்போது பேசாமல் மரத்தடியில் நனைந்துகொண்டு படுத்திருக்கிறார். "மழையை நிறுத்தமுடியாத மந்திரவாதி என்ன மந்திரவாதி!" என்று சிறுவன் உள்ளூரப் புழுங்குகிறான். நானும் பதினைந்து வயதில் அவனோடு சேர்ந்து புழுங்கினேன். இப்போது எனக்கு அந்நூலில் மிகவும் பிடித்தவர் ஓகியனே.

ஆனால் அந்நூலை என் நெஞ்சிற் பதித்தது வேறொரு நிகழ்ச்சி. கதாநாயகன் மந்திரவாதியாகித் தொண்ணூறு தீவுகள் என்னும் பகுதியில் வேலைக்கு அமர்கிறான். அங்கே படகு கட்டும் தொழிலாளி ஒருவன் அவனுக்கு நண்பனாகிறான். அவனுடைய சிறு மகனுக்குக் காய்ச்சல் காண்கிறது. நள்ளிரவில் மந்திரவாதியை அழைக்கிறார்கள். குழந்தையைப் பார்த்தவுடனேயே அது பிழைக்காதென்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. போகின்ற உயிரைப் பின்தொடரலாகாது என்று பள்ளியிற் கற்றிருக்கிறான். ஆயினும் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, கற்றதை மறந்து, இறந்தோர் நாட்டின் எல்லை வரை அக்குழந்தையைத் துரத்திச் செல்கிறான். குழந்தை திரும்பவில்லை. அவனும் அரை உயிராகவே திரும்புகிறான்.

இப்பகுதியை வாசித்தபோது விளக்கைத் தணித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் தங்கையின் படுக்கை கிடந்த மூலை என் கண்ணெதிரே இருந்தது. "என்னால் முடியவில்லை" என்று சொல்லும் மந்திரவாதியை நான் அதுவரை கண்டதில்லை. கோழி வாங்கிக்கொண்டு போனவன் அதன்பின் எங்கள் லயத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. கதையில் வருகிறவன் தோற்றான். அத்தோல்வியைத் தன்னோடு சுமந்தான். ஒரு பொய்க்கதை இவ்வளவு நேர்மையாயிருக்கக்கூடும் என்பது எனக்குப் புதிதாயிருந்தது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். பட்டணத்துப் பள்ளியில் என் நிறத்தைக் கொண்டே என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்களில் நம்மவரும் இருந்தனர். நூலில் பல பக்கங்கள் கடந்த பின்னரே, கதாநாயகன் செம்பு நிறத்தவன் என்பதும் அவன் உயிர்த்தோழன் வெட்ச் நல்ல கறுப்பன் என்பதும் போகிற போக்கில் தெரியவருகின்றன. வெண்ணிறத்தோர், கிழக்கிலிருந்து வந்து கொள்ளையிடும் கார்க் இனத்தார். ஆசிரியர் இதைப் பறையடித்து அறிவிக்கவில்லை. வாசிக்கும் வெள்ளைப் பிள்ளைகள் கதாநாயகனோடு ஒன்றிப்போன பிறகு அவன் நிறம் அவர்களுக்குத் தெரியட்டும் என்றே அவர் அப்படிச் செய்தார். எனக்கோ அந்த வரிகள் எதிர்பாராமற் கிடைத்த பரிசாயின. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இக்கதையைப் படமாக்கியோர் கதாநாயகன் வேடத்தை ஒரு வெள்ளை நடிகருக்குக் கொடுத்தனர். அம்மையார் வாளாவிருக்கவில்லை, அதைக் கண்டித்துப் பகிரங்கமாக எழுதினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.

இனிப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எர்த்ஸீ உலகில் ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கே அதன்மேல் அதிகாரம். ஆகையால் மனிதர் தம் மெய்ப்பெயரை மறைத்து, வழக்குப் பெயரொன்றோடு வாழ்வர். நம் சிறுவனை ஊரார் வல்லூறு என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். கெட் என்னும் அவன் மெய்ப்பெயரை, அவனுடைய பதின்மூன்றாம் வயதில், குளிர்ந்த சுனைநீரைக் கடந்து கரையேறிய அவன் காதில் ஓகியன் ஓதுகிறார். பின்னர், நிழலால் முகம் கிழிந்து, பள்ளியில் எல்லாராலும் ஒதுக்கப்பட்டு அவன் கிடந்த காலத்தில், தோழன் வெட்ச் அவனிடம் வந்து, கேளாமலே தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிடுகிறான். தன் உயிரையே கையிற் கொடுத்ததற்கு அது சமம். அந்த இடத்தை நான் எத்தனை முறை வாசித்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

இது நம்மவருக்கு அந்நியமான எண்ணமன்று. என் பாட்டிக்கு முதலிரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே இறந்தன. மூன்றாவதாகப் பிறந்த என் தகப்பனாரைக் குப்பைமேட்டில் புரட்டியெடுத்துக் குப்பன் என்று பெயரிட்டார்கள். இழிந்த பெயருடைய பிள்ளையை எமன் ஏறெடுத்துப் பாரான் என்பது தென்னார்க்காட்டுச் சிற்றூரின் நம்பிக்கை. அறியாமை என்று நாம் அதைத் தள்ளிவிட்டோம், தள்ளியதும் சரியே. ஆனால் இரண்டு பிள்ளைகளைப் புதைத்த ஒருத்தி மூன்றாவதை ஒளித்துவைக்க அந்தப் பெயரைத் தவிர வேறு மறைவிடம் அறியாதிருந்தாள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

1937இல் பாட்டியும் எட்டு வயதுடைய தகப்பனாரும் ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கினர். தோட்டத்துப் பெயர்ப் பட்டியலில் ஏற்கெனவே இரண்டு குப்பன்கள் இருந்தனராம். மூன்றாமவரைப் பதியும்போது கிராணி தம் வசதிக்குக் குப்புசாமி என்று எழுதிவிட்டார். 1948இல் அடையாள அட்டை வந்தபோது அப்பட்டியலைப் பார்த்தே அட்டையும் எழுதப்பட்டது. இருபதாண்டுகள் ஒரு தொல்லையுமில்லை. 1969இல், குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் இடி விழுந்தது. எங்கள் லயத்திலேயே மூன்று குடும்பங்கள் பெட்டி கட்டிக் கப்பலேறின. தகப்பனார் வேலைநாட் சம்பளத்தை இழந்து பட்டணத்து அலுவலகத்துக்கு நடந்தார். வந்திறங்கிய தாளில் குப்பன், அட்டையில் குப்புசாமி. மேசைக்கு அப்பாலிருந்தவர், "நீர் குப்பனா, குப்புசாமியா?" என்று கேட்டாராம். "இரண்டும் நான்தான்" என்றாராம் தகப்பனார். அது விடையாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. அனுமதிச் சீட்டு கிடைத்து வேலை நிலைத்தது. குடியுரிமை மட்டும் ஏழாண்டுகள் கழித்தே வந்தது.

நூலை முடித்த வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகப்பனார் வாசலில் உட்கார்ந்து சீவுளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கதையின் மயக்கத்தில் இருந்த நான், "அப்பா, உங்கள் மெய்ப்பெயர் என்ன?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்லில் இன்னும் நாலைந்து முறை சீவுளியை இழுத்தார். பிறகு, விளக்கணைத்த பின் பாட்டி தம்மை அழைத்து வந்த பெயர் ஒன்று உண்டு என்றும், அவர் இறந்தபின் அப்பெயரைச் சொல்வார் எவருமில்லை என்றும் கூறி, அதை மெல்லச் சொன்னார். குப்பனுமன்று, குப்புசாமியுமன்று. என் தாயாருக்கும் அது தெரியாதாம். அப்பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பின்னாளில் ஒன்று தெரிந்துகொண்டேன். அம்மையாரின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர். 1911இல் கலிபோர்னியாவில், வெள்ளையரால் அழிக்கப்பட்ட யாஹி இனத்தின் கடைசி மனிதர் காட்டிலிருந்து வெளிப்பட்டபோது, அவரோடு பழகிய அறிஞர்களுள் குரோபரும் ஒருவர். அம்மனிதர் தம் பெயரைக் கடைசிவரை வெளியிடவேயில்லை. 'இஷி' என்று அவரை அழைத்தனர். அவர் மொழியில் அதற்கு மனிதன் என்பதே பொருள். 1916இல் பெயரைத் தம்மோடே கொண்டு போய்விட்டார். அவர் வரலாற்றை 1961இல் நூலாக எழுதியவர் அம்மையாரின் தாய் தியோடோரா குரோபர். எர்த்ஸீயின் மறைபெயர்களுக்கு வித்து இங்கிருந்தே விழுந்தது என்று நான் துணிந்து கூறமாட்டேன். ஆனால் இஷியைப் பற்றி வாசித்தபோது எனக்கு எங்கள் வாசலும் சீவுளியும் நினைவுக்கு வந்தன.

என் பேர்த்தி என்னைப் போலன்று, கடுமையான வாசகி. முதல் நூலை முடித்துவிட்டு, "தாத்தா, உங்கள் கெட் வாய்ச்சவடால்காரன். அதுவும் போகட்டும், அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்கூட இல்லையே, ஏன்? பெண்களின் மந்திரம் மட்டமானது என்று ஊரே பழமொழி சொல்கிறதே, அது என்ன நியாயம்?" என்று கேட்டாள். ஐம்பதாண்டுகளில் எனக்கு அது தோன்றவேயில்லை. வெட்கமாயிருந்தது. இரண்டாம் நூலைக் கொடுத்தேன். 1971இல் வெளிவந்த அதில் கதாநாயகி ஒரு சிறுமி. ஐந்து வயதில் அவளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பாலைநிலத்துக் கோயிலொன்றுக்குக் கொண்டுபோய், நீ மறுபிறவியெடுத்த தலைமைப் பூசாரி என்று சொல்லி, டெனார் என்ற அவள் பெயரைப் பறித்து, விழுங்கப்பட்டவள் என்று பொருள்படும் ஆர்ஹா என்னும் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். வெளிச்சம் நுழையலாகாத நிலவறைப் புதிர்வழிதான் அவள் இராச்சியம். அவளிடம் அகப்பட்ட கெட் அவள் பெயரை அவளுக்குத் திருப்பித் தருகிறான். அதற்குமேல் நடப்பதெல்லாம் அவள் துணிவு. பிள்ளையைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை எதிர்த்து நம்மவர் பேசிய பேச்செல்லாவற்றையும் நான் கேட்டிருக்கிறேன். அக்கோயிலுக்குள் வளரும் பிள்ளைக்குத் தன் சிறையே பெருமையாகத் தோன்றுவது எப்படி என்பதை இந்நூலே எனக்குக் காட்டியது. பேர்த்தி இதை இரண்டு நாளில் முடித்தாள்.

மூன்றாம் நூல் 1972இல் வந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், அம்மையார் தம் உலகத்துக்குத் திரும்பி, பேர்த்தி கேட்ட கேள்வியைத் தாமே தம்மிடம் கேட்டுக்கொண்டு, 'டெஹானு' என்ற நாவலை எழுதினார். அதில் டெனார் கைம்பெண். தீயில் சுடப்பட்ட குழந்தை ஒன்றை வளர்க்கிறாள். கெட் தன் வல்லமை முழுவதையும் இழந்து ஆடு மேய்க்கத் திரும்புகிறான். தம் புகழ்பெற்ற நூலின் குறையை உணர்ந்து, அதை மறைக்காமல் இன்னொரு நூலால் விடை கூறிய எழுத்தாளர் எத்தனை பேர்? ஆயினும் அது பேர்த்திக்கு இன்னும் இரண்டாண்டுகள் காத்திருக்கவேண்டிய புத்தகம். 2018 ஜனவரியில், எண்பத்தெட்டாம் வயதில், லெ குவின் மறைந்தார். அன்று நான் அந்தக் கிழிந்த பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தேன்; வாசிக்கவில்லை.

வேறு நூல்கள் இல்லாமலில்லை. பேர்த்தி பதிலுக்கு எனக்குச் சில கொடுத்தாள். பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' 1995இல் வந்தது. அதில் ஒவ்வொருவருடைய ஆன்மாவும் ஒரு விலங்கு வடிவில் கூடவே நடக்கிறது. பிள்ளைப் பருவத்தில் அது நினைத்தபடி உருமாறும். வளர்ந்தபின் ஒரே வடிவில் நின்றுவிடும். பிள்ளைகளிடமிருந்து அதை வெட்டிப் பிரிக்கும் கொடியவர் கூட்டம் ஒன்று வருகிறது. இரவில் வாசித்திருக்கலாகாது. டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' நாவலில், தொப்பிக் கடையில் அடங்கி ஒடுங்கியிருந்த ஓர் இளம்பெண் சாபத்தால் கிழவியாகிறாள். கிழவியானவுடன் யாருக்கும் அஞ்சாமல் வாய்திறந்து பேசத் தொடங்குகிறாள். என் வயதில் அதைவிட உண்மையான கதை வேறில்லை.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில், பேர்த்தி என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "தாத்தா, பூட்டனாருடைய உண்மையான பெயர் குப்புசாமி இல்லையாமே? அப்பாவுக்கும் தெரியாதாமே?" என்றாள். இதை அவளுக்கு யார் சொன்னார்களோ, நானறியேன். அவள் காதில் அதைச் சொன்னேன். ஒருமுறை வாய்க்குள்ளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெளியே என் மகன் வண்டியின் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தான்.

மூன்றாம் புத்தகத்தை அவள் கையோடு எடுத்துச் சென்று இரண்டு மாதம் ஆகிறது. எப்போது திரும்பும் என்று சென்ற வாரம் தொலைபேசியிற் கேட்டேன். பள்ளித் தோழி ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறாளாம்.